வரிசையில் நின்ற மோட்டார்

என் புருஷன் எலாதியோ குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. நாய் துரத்தினால்கூட அதனிடம் வழி கேட்கிற மாதிரிதான் நிற்பார். நான் அப்படியில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்காரர்களுக்குச் சூப் விற்றுப் பிழைப்பவள். காசு கொடுக்காமல் வண்டியைக் கிளப்புகிறவனை அடுத்த வளைவிலிருந்து திரும்பி வரவைக்கிற தொண்டை எனக்கு.

எங்கள் ஊர் ஹாயு உமாவில் தலைமைப் பதவி வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். ஆம்பளை மட்டும் தனியாகத் தலைவராக முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகத்தான் பதவி ஏற்க வேண்டும். ஒரு வருஷம் அவருக்குத் தலைவழியாகப் போடுகிற போன்சோப் போர்வையும் தோளில் குறுக்கே ஒரு சாட்டையும். எனக்குக் கறுப்புச் சால்வையும் மெல்லுகிற கோகா இலைக்கு ஒரு பையும். எங்கள் முறை வந்தபோது ஊரே சிரித்தது. "பாலும் மிளகாயும் ஒரே சட்டியில வேகப்போகுது" என்றார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் எங்களுக்கு இருந்த வேலை ஒன்றுதான். போர்வெல்லுக்கு மோட்டார் வாங்குவது. போர் முன்னமே போட்டாகிவிட்டது. மேலே இரும்பு மூடி போட்டு, ஆடுகள் முதுகு சொறிந்துகொள்ள ஒரு குழாய் நின்றது. கீழே நல்ல தண்ணீர், மேலே நாங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. என் மகள் யோவானா, தன் பிள்ளைக்கு வயிறு சரியில்லாமல் போய்ப் போய், கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு கொச்சபம்பா நகரத்துக்கே போய்விட்டாள். "குழாயில நல்ல தண்ணி வந்தா சொல்லும்மா, மறுநாளே கெளம்பி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். எனக்கு இருப்பது ஒரே பேரன். ஊருக்காக என்று கூட்டத்தில் பேசுவேன். மனசுக்குள் அந்தப் பயல்தான் இருந்தான்.

எலாதியோ மனு எழுதி எடுத்துக்கொண்டு ஒரூரோவில் இருக்கிற ஆபீசுக்குப் போவார். அங்கே உர்கியேத்தா என்று ஒரு இன்ஜினியர்.

"அடடா, எலாதியோ ஐயாவா! வாங்க, உக்காருங்க. எல்லா ஊர்த் தலைவரும் உங்கள மாதிரி இருந்தா எனக்குப் பிரஷரே வராது" என்பாராம். டீ வருமாம். மனு மேலிடத்தில் இருக்கிறது என்பாராம். என் மனுஷன் குளிர்ந்துபோய்த் திரும்புவார்.

"ரொம்ப மரியாதையான மனுஷன், பெத்ரோனா."

"மரியாதைய வாளியில மொண்டு குடிக்கலாமா?"

"கத்தினா மட்டும் தண்ணி வந்துடுமா?"

"மாடுகூடக் கத்தினாத்தான்யா புல்லு போடறோம்."

கடைசித் தடவை நானும் கூடப் போனேன். நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சுரங்கப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. தெருவில் வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. குமாஸ்தா ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான். எங்களுக்கு டீ ஆறுவதற்குள் அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். எலாதியோ எழுந்து அவர்களுக்கு வழிவிட்டு நின்றார். 

உர்கியேத்தா எங்களை வாசல்வரை வழியனுப்ப வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. படியில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னதா வெளிய சொல்லாதீங்க ஐயா. மோட்டார் கிடங்குலதான் கெடக்கு. இருக்கறது கொஞ்சம், கேக்கறவங்க நெறைய. எந்த ஊர் பேரு ரேடியோவுல வருதோ, அந்த ஃபைல்லதான் மேலிடம் கையெழுத்துப் போடும். உங்க ஊர் ஓரமாத்தானே நெடுஞ்சாலை போகுது?"

"ஆமாம் ஐயா, போகுது" என்றார் எலாதியோ. "அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல ஐயா. நல்ல ரோடு" என்றார் உர்கியேத்தா.

எனக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸில் ஏறினதும் அவருக்கும் புரியவைத்தேன். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊர்க் கூட்டத்தில் மறியல் என்று முடிவானது. ரெமிஹியோ முதல் ஆளாகக் கை தூக்கினான். பட்டாளத்தில் இருந்து வந்தவன். அவனுக்கு இரண்டு ஆடும் நிறையக் கோபமும் சொத்து. எலாதியோ எழுந்து, ஆஸ்பத்திரி வண்டியை விடவேண்டும், யார் வண்டிக் கண்ணாடியும் உடையக் கூடாது என்றார். சரி என்றார்கள். அப்புறம் ரெமிஹியோ சொன்னான்: "மோட்டார் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு கல்லுகூட நகரக் கூடாது. எவன் மொதல்ல கல்லை நகத்தறானோ, அவன் வெலைபோனவன். தலைவரா இருந்தாலும் சரி." எல்லாரும் ஆமாம் என்று கத்தினார்கள். எல்லாரையும்விட என் சத்தம்தான் பெரிசு.

விடியற்காலையில் சாலை குறுக்கே கல் குவித்தோம். மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. சாயங்காலம் ரேடியோவில் "ஹாயு உமா" என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். கிழடுகட்டைகள்கூட ஆடினார்கள். மறுநாள் பக்கத்து ஊர் தோலாபம்பாக்காரர்களும் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஆற்றுப் பாலம் வேண்டும். கல் குவியல் இரண்டு மடங்கானது. வந்தவர்களைத் தழுவிக்கொண்டோம்.

அதற்கும் மறுநாள் எலாதியோவின் போன் அடித்தது.

"என்ன ஐயா, உத்தரவு நேத்தே ஆயிடுச்சே!" உர்கியேத்தாவின் குரல் சந்தோஷமாக இருந்தது. "மோட்டார் காலையிலேயே கெளம்பிடுச்சு. நீல லாரி. உங்க மறியல்லதான் எங்கேயோ மாட்டி நிக்குது. கொஞ்சம் வழி விடுங்க."

ரெமிஹியோ தரையில் துப்பினான். "இதே பாட்டத்தான் இத்தன வருஷமா பாடறான். கல்லை எடுத்தா பின்னாடியே போலீஸ் உள்ள வரும்."

"பாத்துட்டு வரேன்" என்றார் எலாதியோ. நானும் கூட நடந்தேன்.

வரிசை நெடுக வசவுதான். கோழி ஏற்றின லாரியில் பாதிக் கோழி செத்துக் கிடந்தது. தக்காளி லாரிக்கடியில் சிவப்பாகச் சாறு ஒழுகியது. ஒருத்தன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "ஏய் சூப்புக்காரி! ரோட்டையும் அடைச்சுட்டு எங்ககிட்டயே சூப்பும் விக்கறியா? தலைக்கு ஒரு சட்டி ஓசியில ஊத்துடி!" பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. எலாதியோ என் முழங்கையைத் தொட்டார், விழுங்கிக்கொண்டேன்.

நீல லாரி இருந்தது. நிஜமாகவே இருந்தது. தார்ப்பாயைத் தூக்கினால் ஒரு மரப்பெட்டி. அதில் கறுப்புப் பெயின்ட்டில் எங்கள் ஊர்ப் பெயர். எலாதியோ அந்த எழுத்துகளின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். வெட்கமில்லாமல் நடுச்சாலையில் நின்று அழுதேன். அந்தப் பெட்டிக்குள் என் பேரன் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். ஒரே ஒரு லாரிக்கு வழி விடுங்கள் என்று எலாதியோ கெஞ்சினார்.

"எவ்வளவு குடுத்தான் உமக்கு?" என்றான் ரெமிஹியோ.

தோலாபம்பாத் தலைவி என்னைப் பார்த்துக் கேட்டாள். "உங்க மோட்டார் வந்துடுச்சு, சந்தோஷம் அக்கா. எங்க பாலம்? நீங்க கல்லை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டா எங்களை எவன் மதிப்பான்?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். நான் கத்திப் பார்த்தேன். பதிலுக்கு அவர்களும் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் எலாதியோவின் உதடு அசைவதுதான் தெரிந்தது.

கடைசியில் ரெமிஹியோ இறங்கிவந்தான். "கல்லு நகராது. தோள்ல தூக்கிட்டு வரதுன்னா வாங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல."

நாலு ஆம்பளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். நீல லாரி டிரைவர் முதலில் மறுத்தான். "எறக்கி மாட்டிட்டு வான்னுதான் உத்தரவு. வழியில குடுத்தா என் வேலை போயிடும்." எலாதியோ அவன் பக்கத்தில் குந்தினார். அவன் ஊர், பிள்ளைகள், முதுகுவலி எல்லாம் விசாரித்தார். கோகா இலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் எழுந்து தானே தார்ப்பாயை அவிழ்த்தான். அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்: இந்த ஆளால் கல்லிலும் நார் உரிக்க முடியும்.

கயிறு கட்டி, கட்டையில் கோத்து, நாலு பேர் தூக்கினார்கள். எலாதியோ முன்னால் நடந்தார். நான் பின்னால், சாமி ஊர்வலத்தில் போகிற மாதிரி.

தக்காளி லாரிக்குப் பக்கத்தில் ஒருவன் குறுக்கே வந்தான். "என்னய்யா பெட்டி?"

"எங்க ஊர் மோட்டார், தம்பி. தண்ணிக்கு."

"என் சரக்கு அழுகுது. உன் சரக்கு மட்டும் போகுமா?"

அதுவரை வண்டிகளுக்குள் படுத்திருந்தவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். கோழிக்காரன், சிமென்டுக்காரன், குளிரில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்த பஸ் பயணிகள். எலாதியோ தொப்பியைக் கழற்றினார். "உங்க நஷ்டம் எனக்குத் தெரியுது. எங்க மேல கோபப்படறதுல நியாயம் இருக்கு. மன்னிச்சுக்கங்க. இது குடிக்கிற தண்ணிக்கு." ஒரு வயசான டிரைவர், "விடுங்கப்பா, தண்ணிக்குத்தானாம்" என்றார். கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் விட்டிருப்பார்கள் என்று எலாதியோ இன்றைக்கும் சொல்கிறார். நான் நம்பவில்லை.

ஏனென்றால் தக்காளிக்காரன் அவர் தோளிலிருந்து சாட்டையை உருவினான். "பெரிய தலைவன் நீ! இத வச்சுத்தானே ரோட்ட அடைச்ச?" என்று கேட்டு, என் புருஷன் முதுகில் அதாலேயே அடித்தான். அந்தச் சாட்டை யார்மேலும் பட்டு எங்கள் ஊரில் பார்த்தவர் கிடையாது. எலாதியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். திரும்பக்கூட இல்லை.

நான் கத்தினேன். கத்தாமல் என்ன செய்வது? இன்றைக்கு அடித்தாலும் கத்துவேன். கத்தினது மறியல்வரைக்கும் கேட்டது. ரெமிஹியோவும் பையன்களும் கவண்களைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். எங்களைக் காப்பாற்றத்தான் வந்தார்கள். தலைவரே என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான் ரெமிஹியோ. அப்போது அவன் குரலில் அழுகை இருந்தது. முதல் கல், எங்களை விட்டுவிடச் சொன்ன அந்த வயசான டிரைவரின் கண்ணோரத்தில் பட்டது. அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் நாலு பேரும் கட்டையைப் போட்டுவிட்டுத் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினார்கள். சிமென்டுக்காரனும் இன்னும் சிலரும் பெட்டியைக் காலால் உந்தினார்கள். சாலைச் சரிவில் உருண்டு, கீழே மதகின் கான்கிரீட்டில் மோதியது. மரம் உடைந்த சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து இரும்பு உடைந்த சத்தமும் கேட்டது.

சாயங்காலம் போலீஸ் வந்தது, கற்கள் நகர்ந்தன. தோலாபம்பாவின் பாலத்தைப் பார்வையிட ஒரு குழு வரும் என்று சொன்னார்கள். இன்றுவரை வரவில்லை. வயசான டிரைவருக்கு ஒரு கண் போய்விட்டதாக இன்னொரு லாரிக்காரன் சொன்னான். என்னிடம் சூப் வாங்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

உர்கியேத்தா ஒரு நாள் அவராகவே ஊருக்கு வந்தார். எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து, உப்புத் தண்ணீரில் வைத்த சூப்பை முகம் சுளிக்காமல் குடித்தார். பக்கத்தில் மடங்கிப்போன மோட்டார் கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிரயோஜனமில்லை என்றார்.

"கணக்குல உங்களுக்குக் குடுத்ததாயிடுச்சு ஐயா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"பரவாயில்லைங்க" என்றார் எலாதியோ. அப்புறம், சண்டைக்கு இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அடுத்த தடவை நாங்க எப்படி வரணும் ஐயா? தொப்பியக் கழட்டிக்கிட்டா, கல்லத் தூக்கிக்கிட்டா? எது பலிக்கும்? நீங்க ரெண்டையும் பாத்தவரு."

உர்கியேத்தா கிண்ணத்தைக் கீழே வைத்தார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"கிடங்கு காலி ஐயா. எப்படி வந்தாலும் ஒண்ணுதான்."

அவர் போனபிறகு யோவானாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "நீ வர வேண்டாம். புள்ளைய அங்கேயே பள்ளிக்கூடத்துல சேத்துடு" என்றேன்.



"சேத்துட்டேம்மா" என்றாள். "நீங்க மறியலுக்கு உக்கார்றதுக்கு முன்னாடியே சேத்தாச்சு. சொன்னா உன் மனசு நோகுமேன்னு சொல்லல."