எந்த மலை

ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுக்க இன்னும் இரண்டே நாள். 2006இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, ரூபியும் கணவன் ஆனந்த்ராஜும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் செபாஸ்தியம்மாள் பரிமாறினாள்.

ஆறு வருடமாகப் பாறைப் பல்லிகளுக்குப் பின்னால் அலைந்தவள் ரூபி. பகலில் திரியும் சின்னப் பல்லிகள். வால் நுனியைக் கிள்ளி எடுத்து, அதன் மரபணுவை எழுத்து எழுத்தாகக் கணினியில் ஏற்றி, எது எதற்கு உறவென்று ஒரு வம்ச மரம் வரைந்திருந்தாள். சிறுமலையில் பிடித்த நாற்பதில் பதினொன்று மட்டும் தனிக் கிளையாக நின்றன. ஒரே மலையில் இருந்துகொண்டு பல லட்சம் வருடமாக ஒன்றோடொன்று கலக்காத இரண்டு வம்சம்! நெறியாளர் ஞானதாஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்த்தார். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆய்வேட்டின் உயிரே அந்தப் பதினொன்றுதான்.

அவற்றைப் பிடித்து வந்தவன் ஆனந்த்ராஜ். இரண்டு வருடத்துக்கு முன்பு மஞ்சள் காமாலையில் அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த மாதம் அது.

செபாஸ்தியம்மாள் ரசத்தை ஊற்றியபடி சொன்னாள்: "எம் மகனுக்கும் ஒரு பட்டம் குடுக்கச் சொல்லு தாயி. நான் ஒரு கொழம்பு வச்சு எறக்குறதுக்குள்ள மலைக்குப் போயி அம்புட்டுப் பல்லியவும் பிடிச்சுட்டு வந்து நின்னான்."

ரூபி சிரித்தாள். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஆனாலும் சிறுமலைக்குப் பஸ் ஏறி, பதினெட்டு வளைவும் சுற்றி மேலே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமே.

"நீங்க எந்த மலைக்குப் போனீங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

"திண்டுக்கல்ல உக்காந்துக்கிட்டு எந்த மலைன்னு கேக்குறவ நீ ஒருத்திதான்" என்றான் அவன், ஜன்னலுக்கு வெளியே மோவாயைக் காட்டி. மலையடிவாரத் தெரு வீடு அது. ஜன்னல் முழுக்கக் கோட்டைப் பாறை நின்றது.

ரூபி சிறுமலையில் பிறந்தவள். அவள் வீட்டில் மலை என்றால் சிறுமலை. வேறு மலை கிடையாது. பல்லிகளை அடைத்து வந்த குழாய்களில் அவன் 'மலை' என்று மட்டும் எழுதியிருந்ததை அவளே சிறுமலை என்று கணினியில் அடித்தாள். "மலையில பாறைப் பல்லி வேணும்" என்று அவனை அனுப்பியதும் அவள்தான்.

இரண்டு வேறு மலை, இரண்டு வேறு வம்சம். அதில் யாருக்கு என்ன ஆச்சரியம்? ஆறு வருடமும் ஒரே சொல்லில் கரைந்துவிட்டது. விஷயம் புரிந்ததும் ஆனந்த்ராஜின் கை சோற்றிலேயே நின்றது. ஏதாவது ஏச மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்தான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஞானதாஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று தயாராக நின்றாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"கோட்டைப் பாறையில வேற யாரும் இந்தப் பல்லியப் பிடிச்சதில்லையேம்மா?"

"இல்ல சார்."

"அப்பச் சரி. செவ்வாய்க்கிழமை பைண்டிங்குக்குக் குடுத்துரு."

போனை வைத்த பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்பது அவளுக்கு முழுதாக உறைத்தது. ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேறு ஆளில்லை என்பதைத்தான் அவர் உறுதி செய்துகொண்டார். பேராசிரியர்களிலேயே ஒழுங்கானவர் என்று அவள் நம்பியிருந்த மனிதர். அதைவிட, 'சரி' என்று அவர் சொன்னபோது தன் நெஞ்சு ஒரு கணம் லேசானதே, அதுதான் அவளை உலுக்கியது.

கணினியைத் திறந்து பதினொரு வரியிலும் இடத்தின் பெயரைத் திருத்தினாள். வம்ச மரத்தில் ஒரு கிளைகூட அசையவில்லை. அப்படியே நின்றது.

பிரவுசிங் சென்டருக்குப் போய், பதினொன்றும் கோட்டைப் பாறையில் பிடித்தவை என்று ஆய்விதழுக்குக் கடிதம் அடித்தாள். 'எங்கள் தவறு' என்று எழுதியதை அழித்து, 'என் தவறு' என்று மாற்றினாள். ஞானதாஸுக்கும் ஒரு நகல் வைத்தாள். அனுப்பு என்பதை அழுத்தினாள்.