முதல் செம்பு

"அண்ணே, சுச்சைப் போடுங்க!" குளியலறைக்குள்ளிருந்து கத்தினான் பைப் வேலை பார்க்கும் சோணை. புதுப் பம்பின் தலையிலிருந்த திருகைத் தளர்த்தி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, மறுபடி முறுக்கியிருந்தான்.

கருத்தக்கண்ணன் போட்டார். மோட்டார் ஒருமுறை முனகியது. அடுத்த நொடி ஷவர் கொட்டிய கொட்டில் சோணை சட்டையோடு நனைந்து வெளியே ஓடிவந்தான்.

"இந்தா, வந்து பாரு! எம்புட்டு வேகம்! குத்தாலம் தோத்துப் போகும்!" என்று கூடத்தைப் பார்த்துக் கூவினார் கருத்தக்கண்ணன்.

கூடத்து நாற்காலியில் அவர் மனைவி இருளாயி தோளில் துண்டும் மடியில் சோப்பு டப்பாவுமாக உட்கார்ந்திருந்தாள். குளிக்கக் காத்திருந்தவள். தலை மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

சமயநல்லூர் டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, அவள் கையை மெதுவாக மடியிலேயே வைத்தார். அதுவரைக்கும் ஷவர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. சோணை போய் நிறுத்தினான்.

மூன்று வருஷமாக அவளுக்குக் கை தோளுக்குமேல் எழாது. புளி மண்டிக்குப் புறப்படுமுன் தினமும் அவர்தான் ஸ்டூலில் உட்காரவைத்து ஊற்றுவார். திடுமென்று தலையில் தண்ணீர் விழுந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். அதனால் ஒவ்வொரு செம்புக்கும், "ஊத்தப் போறேன்" என்று சொல்ல வேண்டும். நடுநடுவே, மண்டியில் யாரை எப்படி மடக்கினார் என்று அளப்பார். "பாவம்ங்க அந்தாளு" என்பாள், கண்ணை மூடிக்கொண்டே. பிள்ளையில்லாத அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பேச்சு என்று நடந்தது அவ்வளவுதான்.

அவளுக்குத்தான் கூச்சம். ஷவர் கேட்டாள். வைத்தார். தண்ணீர்த்தொட்டி உயரம் போதாமல் அது சொட்டியது. பம்பு வைத்தால்தான் வேகம் வரும் என்றான் சோணை. அப்புறம் எட்டு மாதம் பேரம். சொன்ன விலைக்குத் தலையாட்டும் வழக்கம் தன் பரம்பரையிலேயே கிடையாது என்று ஊரெல்லாம் சொன்னார். கடைக்காரர் அலுத்துப்போய், "கொள்முதலுக்கே எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று கும்பிட்டபோதும், "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்தார். அதை மட்டும் இருளாயியிடம் அளக்கவில்லை.

போன வாரம் குளிக்கும்போது அவள், "ஒங்களுக்குப் பாரமா இருக்கேன்ல?" என்றாள். அன்றைக்கே போய், விலை கேட்காமல் பம்பை வாங்கி வந்தார்.

மத்தியானம், அவளைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடங்கள் வந்தன. பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். செம்போடு வந்து நின்ற கருத்தக்கண்ணனிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாள் அவருடைய அக்கா ஒச்சம்மாள்.

"பொம்பளைக பாத்துக்கிருவோம் தம்பி. நீ வெளிய இரு."

சேலைக்கு இந்தப் பக்கம் நின்றார். குடத்தில் செம்பு முங்கும் சத்தம் கேட்டது.

"அக்கா."

"என்னப்பா?"

"சொல்லிட்டு ஊத்துங்க."



சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது, அவர் குளிப்பதற்காகச் சோணை பம்பைப் போட்டு வைத்திருந்தான். வெறும் ஸ்டூலின்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது.

"அதை அமத்துடா."

"ஏண்ணே, சரியா வரலையா?"

"நல்லாத்தான் வருது."

கதவைச் சாத்திக்கொண்டார். வாளியிலிருந்து முதல் செம்பை முகந்தார். தன் தலைக்குப் போகவேண்டிய கை பாதியிலேயே, ஸ்டூலில் ஆள் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், நின்றது.

செம்பின் அடியிலிருந்து ஸ்டூலில் சொட்டிக்கொண்டிருந்தது.