தாமதத்துக்கு முன் ஒரு செருமல்

1

இந்தக் கதை ஒரு செருமலிலிருந்து வந்தது. ரயில் நிலையத்தில் காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதற்குள் நின்றிருந்தவர்கள் முணுமுணுத்தபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

"அந்தம்மா செருமினா வண்டி லேட்டுதான் சார்," என்றார் பக்கத்திலிருந்தவர்.

கேட்டது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கட்டுக்கதை.

2

முதல் வரிக்குச் சில முயற்சிகள்:

'சித்தியின் குரல் ஊருக்கே தெரியும், ஆனால் முகம்…' வேண்டாம், விளம்பரம்போல இருக்கிறது.

'அப்பா இறந்த அன்று சித்தி செருமினாள்.' இது இருக்கட்டும்.

பள்ளியிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சித்தி அடுப்பை அணைத்துவிட்டுச் செருமினாள். பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் அந்தப் பெண். சேதி அதற்குப் பிறகுதான் வந்தது.

(அம்மா எங்கே என்பீர்கள். முந்தைய வரைவில் இருந்தாள். சித்தியைப் பேசவே விடவில்லை, எடுத்துவிட்டேன்.)

பிறகு வீடு, ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த சித்தியின் சம்பளத்தில் ஓடியது. பள்ளி விட்டதும் அந்தப் பெண் சித்தியின் அறிவிப்பு அறைக்குப் போய்விடுவாள். மேசைக்கடியில் வீட்டுப்பாடம். மைக்கைப் போடுமுன் மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அதன் இரைச்சலும் ஊருக்குக் கேட்கும். நிறுத்துவது அவள் வேலை. வியர்வை வழிய இருவரும் மூச்சடக்கி உட்கார்ந்திருந்த அந்த வெயில்காலங்களை அவள் இன்றும் நினைத்துக்கொள்கிறாள்.

"நல்ல சேதிக்கு மட்டும் ஏன் சித்தி செரும மாட்டேங்கற?"

"நல்லத நின்னுக்கிட்டே வாங்கிக்கலாம்டி. மத்ததுக்கு உக்காரணும்ல?"

3

வருடங்கள் கழித்துச் சித்திக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது, கிசுகிசுப்புதான் மிச்சம். சம்பளமும் நின்றது. காலியான அந்த வேலைக்கு இவள் மனுப்போட்டாள்.

(இங்கேதான் இவள்மேல் எனக்குச் சந்தேகம். சித்தியைப் பார்த்து வளர்ந்தவள் சித்தியாகவே வளர்ந்துவிட்டால், அதை வளர்ச்சி என்பதா?)

தேர்வு நாள். நுழைவாயிலில் சுமைதூக்குபவர் ஒருவர் சிரித்தார்: "குட்டி மைக்கு வந்தாச்சா? உக்கார எடம் பாத்துக்கறேன்."

மேலதிகாரி சிரிக்கவில்லை. "சித்தி குரல் அப்படியே இருக்கும்மா. ஆனா அந்தச் செருமல் வேணாம், புகார் வந்திருக்கு. எழுதிக் குடுக்கறத மட்டும் படி. இன்னிக்கி ஒழுங்கா முடிச்சா வேலை உனக்கு."

வீட்டிலிருந்து கிளம்பும்போது சித்தியும் அதையேதான் கிசுகிசுத்திருந்தாள்: "செருமித் தொலச்சிடாதடி. சோத்துல மண்ணு விழுந்துரும்."

4

மாலையில் அவள் படிக்க வேண்டிய சீட்டு வந்தது. வண்டி தாமதம். அவளே எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள்.

முடிவு அ: செருமாமல் படிக்கிறாள். வேலை கிடைக்கிறது. கூட்டம் நின்றபடியே சேதியை வாங்கிக்கொள்கிறது.

முடிவு ஆ: செருமுகிறாள். மேலதிகாரி கதவைத் திறந்து…

முடிக்கக் கை வரவில்லை. ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட நான் யார்? 'அ'வை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், கண்ணாடிக்கு அப்பால், கூட்டத்தின் நடுவே சித்தி நிற்கிறாள். இவள் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறாள். பக்கத்தில் பெஞ்சு காலியாகத்தான் கிடக்கிறது.

மைக்கின் சிவப்பு விளக்கு எரிகிறது. 'க்கும்' என்று எழுதிப் பார்த்தேன், சிரிப்புத்தான் வருகிறது. செருமலுக்கு எழுத்து போதாது, தொண்டை வேண்டும். உங்களிடம் இருக்கிறது. சீக்கிரம் முடிவுசெய்யுங்கள்.

சித்தி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.