சுவரைப் பார்த்த கேமரா

"அடுத்த தடவை கொஞ்சம் பவுடர் பூசிட்டு நில்லுங்கம்மா" என்று பெரிய டாக்டர் சொன்னதைத்தான் ஆஸ்பத்திரிச் சலவைப்பிரிவில் துணி தேய்க்கும் இஸ்திரியம்மாவால் ஒரு வருடமாகியும் செரிக்க முடியவில்லை.

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவரோ உதவி செய்வதாக நினைத்துச் சிரித்தபடி சொல்லிவிட்டு நடந்துவிட்டார். சிரித்த முகத்தில் எப்படி வெந்நீர் ஊற்றுவது?

அந்த ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரையும் முன்வாசலில் நிறுத்திப் படம் எடுத்து நடைபாதையில் மாட்டுவார்கள். சலவைப்பிரிவு கட்டடத்துக்குப் பின்னால் இருந்ததால் வெகு காலம் யாருக்கும் அதன் நினைவே வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்புதான் முதல் தடவையாகக் கூப்பிட்டார்கள். அன்று படம் எடுத்தவர் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் அவளுடைய கொழுந்தன். இரவல் கேமராவில் முப்பத்தாறு படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால் முப்பத்தாறும் அமாவாசை. லென்ஸின் மூடியைக் கழற்றவே இல்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுவதும் அவரை 'மூடி' என்றுதான் கூப்பிட்டது. நோயாளிகள்கூட "மூடி சார் எங்கே?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

போன வருடம் வெளியிலிருந்து ஒருவர் தானியங்கி கேமராவோடு வந்தார். ஒரே அமுக்கு, போய்விட்டார். பின்னால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த முகப்புச் சுவர் பளிச்சென்று விழுந்திருந்தது. அதில் பதித்த பெயர்ப்பலகையை எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். சிவந்த முகக்காரர்கள் கொஞ்சம் மங்கினாலும் அடையாளம் தெரிந்தார்கள். சுவரை ஒட்டிக் கடைசி வரிசையில் நின்ற சலவைப்பிரிவுக்காரர்கள் மட்டும் வெள்ளை உடுப்புக்கு மேல் கரித்துண்டு வைத்ததுபோல் இருந்தார்கள். கண் இல்லை, மூக்கு இல்லை. சிரித்தவர்களுக்குப் பல் மட்டும் இருந்தது.

இஸ்திரியம்மாவின் அக்காவும் அங்கேதான் துணி வெளுத்தாள். முப்பத்தொரு வருடம். ஒவ்வொரு விரிப்பையும் மடிக்கும்போது, "இதுல படுக்கறவங்க எழுந்து நடக்கணும் ஆண்டவனே" என்று உதட்டுக்குள் சொல்லிவிட்டுத்தான் அடுக்குவாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அந்த அக்கா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, கோபமோ வருத்தமோ இல்லாமல், தங்கையிடம் கேட்டாள்: "இதுல நான் எதுடீ?"

இந்த மாதக் கடைசியோடு அக்காவுக்கு ஓய்வு. இந்த வருடப் படத்திலும் கரித்துண்டாகவே நின்றுவிட்டால், அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் அவளுக்கு முகமே இல்லை.

ஆகவே, பணியாளர் மன்றம் சொந்தமாக ஒரு கேமரா வாங்க முடிவு செய்து மூடியை அனுப்பியபோது, "நானும் கூடப் போறேன்" என்று கூட்டத்தில் எழுந்து நின்றாள் இஸ்திரியம்மா. கேமராவுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ கேட்டார். "ரெண்டும் தப்பா வெச்சா ஆளைக் கருக்கிடும்" என்றாள். இருவரையும் அனுப்பினார்கள்.

கடைக்காரர் பழைய கேமராக்களைப் பழுது பார்த்து விற்பவர். சாந்தமான மனிதர். கண்ணாடிப் பலகையின் மேல் ஒரு துணியை விரித்து இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். இரண்டும் கைக்கு அடக்கமானவை. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டு உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் தூரம் சரியாகிவிடும். வித்தியாசம் வெளிச்சத்தில் இருந்தது. ஒன்றில் வெளிச்சத்துக்கு ஏற்ற வேகத்தைக் கேமராவே தேர்ந்துகொள்ளும். மற்றதில் ஒரு முள் வெளிச்சத்தைக் காட்டும். அந்த முள்ளை நடுவில் கொண்டுவரும்படி நாம்தான் திருப்பி வைக்க வேண்டும்.

மூடி யோசிக்கவே இல்லை. தானியங்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதுல மூடியைக் கழட்ட மறந்தா?" என்று கடைக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

இதில் வெளிச்சம் பார்க்கும் கண் லென்ஸைச் சுற்றிய வளையத்துக்குள்ளேயே இருக்கிறது, மூடி போட்டிருந்தால் அந்தக் கண்ணும் மூடிவிடும், சிவப்பு விளக்கு எரியும், பொத்தான் அமுங்கவே அமுங்காது என்றார் கடைக்காரர். கையால் வைப்பதில் கண் தனியாக மேலே இருப்பதால், மூடி போட்டிருந்தாலும் முள் பாட்டுக்கு ஆடும். ஆளை நம்பவைத்துக் கழுத்தறுக்கும்.

"அதேதான் எனக்கு நடந்தது" என்றார் மூடி. அவர் முகத்தில் இரண்டு வருடத்து நிம்மதி ஒரே நொடியில் வந்தது. "அண்ணி, இதையே வாங்கிடலாம். இதுக்கு மூளை இருக்கு."

"போன வருஷம் வந்ததுக்கும் மூளை இருந்துதே தம்பி" என்றாள் இஸ்திரியம்மா. "அது யாரைப் பார்த்துது?"

கடைக்காரருக்குக் கேள்வி புரிந்தது. அவர் நேர்மையானவர், விற்றால் போதும் என்று மழுப்பவில்லை. தானியங்கியை அவளிடமே கொடுத்து, கடையின் வெள்ளைக் கதவுக்கு எதிரே நிறுத்தி, ஜன்னலுக்குள் ஓரமாகத் தெரியும் எண்களைப் பார்க்கச் சொன்னார். கேமரா என்ன வேகம் எடுக்கிறது என்று அங்கே ஒரு முள் காட்டும்; எண் ஏற ஏற உள்ளே விழும் வெளிச்சம் குறையும்.

அவள் தன் இடது கையைக் கதவுக்கு முன்னால் நீட்டினாள். இருபது வருட இஸ்திரித் தழும்புகள் ஏறிய கை. முள் ஐந்நூறில் நின்றது. கையைக் கேமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, கதவே தெரியாதபடி கை மட்டும் நிறையும்படி வைத்துக்கொண்டாள். முள் அறுபதுக்கு இறங்கியது. மறுபடி கையைத் தள்ளி நீட்டினாள். ஐந்நூறு. கையும் மாறவில்லை, வெளிச்சமும் மாறவில்லை. மூன்று முறை இப்படியே செய்து பார்த்தாள்.

"கதவைப் பார்த்துட்டு, உன்னைப் பார்த்துட்டேன்னு சொல்லுதுங்க இது" என்றாள். குரல் உயரவில்லை. உயராததால்தான் மூடிக்குப் பயமாக இருந்தது. அண்ணன் வீட்டில் அந்தக் குரலை அவர் இரண்டே முறைதான் கேட்டிருக்கிறார்.

கடைக்காரர் சமாதானம் செய்யப் பார்த்தார். இதற்கும் ஒரு வழி உண்டு என்றார். ஃபிலிமுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று குறிக்கும் திருகு வளையத்தை வேண்டுமென்றே தப்பாக வைத்துவிட்டால் கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; கறுத்த முகங்களும் நன்றாக விழும்.

"ஏமாத்தணுமா?"

"சும்மா ஒரு சின்னப் பொய்தாம்மா. மெஷின்கிட்டதானே."

"எங்க அக்கா முப்பத்தொரு வருஷமா துணி வெளுக்கறா. அவ மூஞ்சி படத்துல விழறதுக்கு ஒருத்தர் பவுடர் பூசச் சொல்றாரு, நீங்க பொய் சொல்லச் சொல்றீங்க. சுவர் எந்தப் பொய்யும் சொல்லாம ஜோரா விழுதே, அது மட்டும் எப்படிங்க?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் அந்தக் கேமராவைச் செய்தவர் அல்ல.

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "தம்பி, குழந்தை கையை எக்ஸ்ரே எடுக்கறப்போ ஒரு அளவு வெக்கறீங்க. பெரிய ஆளு இடுப்புன்னா ஒரு அளவு வெக்கறீங்க. ஏன்? ரெண்டுக்கும் ஒரே அளவு வெச்சா என்ன?"

"அதெப்படி அண்ணி? ஒண்ணு கருகிடும், இல்லேன்னா ஒண்ணுமே தெரியாது. உடம்பைப் பார்த்துதானே வெக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தானியங்கியைத் துணி மேல் வைத்தார். ஆனாலும் கையை முழுதாக எடுக்கவில்லை.

"உங்களுக்கு என்னண்ணி" என்றார் மெதுவாக. "மறுபடி மறந்தேன்னா இந்தப் பேரு சுடுகாடு வரைக்கும் கூட வரும்."

கோபத்தின் உச்சியில் நின்ற இஸ்திரியம்மாவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. தன் அக்காவின் முகத்துக்காகப் பொங்கும் தானும் இரண்டு வருடமாக வீட்டிலேயே அவரை 'மூடி' என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். சாப்பாடு போடும்போதுகூட, "மூடிக்கு இன்னும் கொஞ்சம் வை" என்று. மனுஷன் ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பாரா? அவருடைய முகத்தையும் யாரோ கரித்துண்டாக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த யாரோவில் அவளும் உண்டு. ஆண்டவன் சில சமயம் நம் கோபத்தையே கண்ணாடியாகப் பிடித்து நமக்கே காட்டுவான்.

"மூடி உங்ககிட்ட இருந்தாத்தானே மறப்பீங்க?" என்றாள். "நான் வெச்சுக்கறேன். நீங்க படம் எடுங்க."

கையால் வைப்பதையே வாங்கினார்கள்.

படம் எடுக்கும் நாளில் காலை பத்து மணிக்கு எல்லோரும் முகப்புச் சுவரின் முன் நின்றார்கள். பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எக்ஸ்ரேக்காரர் கேமராவை முக்காலித் தாங்கியில் வைக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தார். அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவைப் பிடித்து முள்ளைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் முகத்துக்குப் போனார். அதற்கு அடுத்தவர். முகங்களில் எது கறுப்போ அதற்குத் தக்கபடி திருப்பி வைத்துக்கொண்டார்.

"என்னப்பா, போட்டோ எடுக்கறியா, காய்ச்சல் பாக்கறியா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். "மூடி, மூடியைக் கழட்டிட்டியா?" என்றது இன்னொன்று. சிரிப்பு இன்னும் ஓங்கியது.

எக்ஸ்ரேக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தார். அவள் ஒரு முறை தலையசைத்தாள். அவர் தாங்கி இருந்த இடத்துக்குப் போய்த் தூரத்தைச் சரிசெய்து அமுக்கினார்.

படம் வந்தது. பெரிய டாக்டர் அதை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். சுவர் வெறும் வெள்ளைத் தாளாகப் போயிருந்தது. பெயர்ப்பலகையில் ஓரெழுத்துகூடத் தெரியவில்லை. அவர் முகம் கடுத்தது. இவ்வளவு செலவு செய்து முகப்பைப் புதுப்பித்தது எதற்காக என்று கேட்டார்; கட்டடம் எங்கே என்று கேட்டார்.

இஸ்திரியம்மா பேச வாயெடுத்தாள். அதற்குள் எக்ஸ்ரேக்காரர் பேசிவிட்டார்.

"கட்டடம் நாளைக்கும் இங்கதான் சார் இருக்கும். அந்தம்மா இந்த மாசத்தோட போயிடுவாங்க."

பெரிய டாக்டர் எந்தம்மா என்று கேட்கத்தான் படத்தை மறுபடி பார்த்தார். கடைசி வரிசையில் ஒவ்வொரு முகமாகப் போன அவர் விரல் ஒரு முகத்தில் நின்றது. குழந்தைகள் வார்டுக்கு விரிப்புகளைக் குளிர் விடும்வரை மார்போடு அணைத்து எடுத்து வரும் பெண்ணை அவர் பத்து வருடமாகத் தினமும் கடந்து போயிருக்கிறார். "இவங்களா?" என்றார். பவுடர் பேச்சுக்காக மன்னிப்பு கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலை அந்தப் படம் நடைபாதையில் மாட்டியிருந்தது. போன வருடத்துப் படம் இறங்கியிருந்தது.

அக்கா வேலை முடிந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். இந்த முறை தான் எது என்று கேட்கவில்லை. தன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். நெற்றிச் சுருக்கம், கன்னத்து மச்சம், கொஞ்சம் பயந்த கண் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பிறகு பக்கத்தில் நின்ற தங்கையின் உருவத்துக்குப் பார்வை போனது.

"எல்லாரும் கையைத் தொங்கப்போட்டு நிக்கறாங்க. நீ மட்டும் ஏன்டீ சண்டைக்குப் போற மாதிரி கையை மடக்கி வெச்சிருக்கே?"

"சண்டைக்குத்தான்க்கா போனேன்" என்றாள் இஸ்திரியம்மா. அன்று அந்த மடக்கிய கைக்குள் இருந்த லென்ஸ் மூடியை உடுப்புப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். படம் எடுத்து முடிந்ததிலிருந்து அது பைக்குள்ளேயேதான் இருந்தது. "இதை முதல்ல தம்பிகிட்டக் கொடுத்துட்டு வரேன். பாவம், மூடி இல்லாம லென்ஸ்ல தூசி படியும்."