நடுவழிச் சோடியம்

இத்தாலியில், பொலோஞாவில் அந்த வானியல் ஆய்வகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கட்டுரை அச்சேறுகிறதோ, அவர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வர வேண்டும். நிவெஸ் அன்று கிரீம் பன் முப்பது வாங்கி வந்தாள். வயது நாற்பத்தொன்று, ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. இந்தக் கட்டுரை நிலைத்து நின்றால் காலியாக இருந்த ஒரே நிரந்தர இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். போட்டிக்கு நின்றவன் லெயார்கோ, ஆறு வருடமாக அவளோடு ஒரே அறையில் உட்காருகிறவன்.

கட்டுரையின் சங்கதி இது: கோள விண்மீன் கொத்தில் எந்த நட்சத்திரம் முதலில் பிறந்தது, எது அந்த மூத்தவை கக்கிய வாயுவில் பின்னால் பிறந்தது என்பதைச் சோடியம் காட்டிக்கொடுத்துவிடும்; பின்னால் பிறந்ததில் அது கூடுதல். அவள் ஆராய்ந்த கொத்தில் இரண்டே தலைமுறை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. சோடியம் மிதமிஞ்சிய பதினான்கு நட்சத்திரங்களைக் காட்டி, மூன்றாவதும் உண்டு என்று அடித்துச் சொல்லியிருந்தாள் நிவெஸ்.

லெயார்கோ இரண்டாவது பன்னையும் தின்று முடித்துவிட்டுக் கேட்டான்: "ஒரு சின்ன சந்தேகம். அந்தப் பதினாலும் கொத்துல எந்தப் பக்கம் இருக்கு?"

"அங்கங்க இருக்கும். ஏன்?"

"போட்டுத்தான் காட்டேன்."

திரையில் போட்டாள். பதினான்கும் கிழக்கு ஓரத்தில் மொத்தமாக ஒண்டிக்கொண்டிருந்தன. நமக்கும் கொத்துக்கும் நடுவே வாயு மேகம் தடித்துக் கிடப்பது அங்கேதான். மேகமும் கொத்தும் ஒரே வேகத்தில் நகர்வதால், நமக்கு வரும் ஒளியில் இரண்டின் சோடியத் தடமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மேகத்தின் சோடியத்தை நட்சத்திரங்களின் தலையில் கட்டியிருந்தாள். ஐயோ, இந்தப் படத்தை ஒரு தரம் வரைந்து பார்த்திருக்கக் கூடாதா!

"மூணாவது குழந்தை பொறக்கலம்மா, வெறும் வாயு!" என்றார் ஆய்வகத் தலைவர், பேராசிரியர் தார்சீசியோ. கூடம் விழுந்து விழுந்து சிரித்தது.

நிவெஸ் அவன் பக்கம் திரும்பினாள். "எப்ப பார்த்த, லெயார்கோ?"

"மார்ச்லயே. வரைவைப் படிக்கக் குடுத்தியே, அப்பவே."

"ஏன்டா சொல்லல?"

"எழுத்துப்பிழை பார்க்கத்தான சொன்ன?"

அவன் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க அவன் அளவீடுகளையும் சேர்த்துச் செய்து கொடுத்தவள் இவள். பாவிப்பயல், வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"இந்தக் கண்ணுதான்யா நமக்கு வேணும்," என்று பேராசிரியர் அவன் தோளைத் தட்டினார். வேலை யாருக்கு என்பது அந்தத் தட்டலிலேயே முடிந்துபோயிற்று. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உன் ஒப்பந்தம் முப்பதாம் தேதியோட சரி, இல்லையா? அதுக்குள்ள திருத்தத்தை எழுதி அனுப்பிட்டுப் போ. தப்பைக் கண்டுபிடிச்சவருக்கு நன்றி சொல்ல மறந்துடாத, அதுதான் முறை."

சாயங்காலமே உட்கார்ந்து எழுதினாள். பதினான்கு நட்சத்திரங்களையும் இரண்டே பத்தியில் புதைத்தாள். கடைசி வரி வந்தபோது கை கூசியது. இருந்தும், பிழையைச் சுட்டிக்காட்டிய லெயார்கோவுக்கு நன்றி என்று அடித்தாள்.

பின்னாலிருந்து அவன் எட்டிப் பார்த்தான். "'தக்க சமயத்தில்'னு சேர்த்துக்கோயேன், நிவெஸ். நல்லாருக்கும்."

சேர்த்தாள்.