போட்டு வாறன்

காங்கேசன்துறையில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களைக் கவனித்து அனுப்ப ஒரு பெண் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். சிவகௌரி விண்ணப்பம் போட்டாள். தையல் மெஷினை நம்பி மூன்று வருடம் ஓட்டியாயிற்று. இதுவும் சரிவராவிட்டால் மகளை வன்னியில் அண்ணை வீட்டில் விட்டுவிட்டு, கொழும்புக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை.

பக்கத்து வீட்டு ஆரணி பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறவள், வாய் ஓயாத பெட்டை. நேர்முகத்துக்குப் பழக்குகிற பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பின்னேரங்களில் விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு, தானே அதிகாரியாகி மிரட்டினாள்.

"அக்கா, நிலத்தைப் பாக்காதேங்கோ. நிலமே வேலை தரப்போகுது? வாற இருபது பேருக்குள்ளை உங்கடை முகம் அவையின்ரை மனசிலை நிக்கவேணும்."

"ஓம் பிள்ளை."

"எழும்பேக்கை தாங்க் யூ சொல்லிப்போட்டு நேரை வெளியிலை வாங்கோ. போட்டு வாறன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அது வீட்டாலை வெளிக்கிடேக்கை விடைபெறுற கதை."

சிவகௌரி தலையாட்டினாள். மூன்று வருடமாக அந்தச் சொல்லை அவள் வாயிலெடுத்ததே இல்லை என்பது ஆரணிக்குத் தெரியாது.

கணவன் சுதாகரன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன கடைசி விடியற்காலையில் இருவருக்கும் சண்டை. ஒன்றுமில்லாத விஷயம், மகளுக்குச் சப்பாத்து வாங்க மறந்துவிட்டான். வாசல் படலையில் நின்று, "கௌரி, போட்டு வாறன்" என்றான். குசினிக்குள் அடுப்படியில் நின்றவள் வாய் திறக்கவில்லை. அவன் கொஞ்சம் நின்றான். பிறகு படலை சாத்துகிற சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் படகு மட்டும் கரைக்கு வந்தது. "ஓம், போட்டு வாங்கோ" என்று சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்? அந்த நேரத்து வீம்பை நினைத்தால் இன்றும் அவளுக்குத் தன் வாயிலேயே அடிக்கவேண்டும் போலிருக்கும்.

நேர்முகம் செய்தவர் மார்கிரட் என்ற நரைத்த பெண். சிவகௌரி நிமிர்ந்து இருந்தாள். பலவீனம் என்ன என்று கேட்டபோது, எடுத்த வேலையை முடிக்காமல் எழும்பமாட்டேன் என்று ஆரணி சொல்லித்தந்ததைப் பிசகாமல் ஒப்புவித்தாள். மார்கிரட் அதை எழுதக்கூட இல்லை. காலையிலிருந்து எல்லோருடைய பலவீனமும் அதுவாகவே இருந்திருக்கும்.

"கப்பல் ஏறப்போற ஆளுக்குக் கடைசியா என்ன சொல்லுவீங்கள்?"

ஆரணி எழுதிக்கொடுத்த இங்கிலீஷ் வசனம் நாக்கு நுனி வரை வந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"போட்டு வாங்கோ எண்டுவன், மிஸ்."

"கனபேர் தங்கடை ஊருக்குத் திரும்பிப் போற இந்தியச் சனம். அவையை ஏன் வரச் சொல்லவேணும்?"

"வருவினமோ இல்லையோ, சொல்லித்தான் அனுப்பவேணும் மிஸ். ஒருக்கா நான் சொல்லாமல் விட்டனான்."

இந்தமுறை மார்கிரட் எதையோ எழுதினார். "சரி, நீங்கள் போகலாம்" என்று அடுத்த ஆளின் ஃபைலைப் பிரித்தார்.

நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். கதவடிக்குப் போனதும் அவளையறியாமலே அது வந்துவிட்டது.

"போட்டு வாறன், மிஸ்."

பதில் இல்லை. மார்கிரட் ஃபைலில் மூழ்கியிருந்தார். ஆரணி பழக்கியபடி வெளியே போயிருக்கவேண்டும், ஆனால் கால் எழவில்லை. படலையில் அவன் நின்ற அந்தக் கொஞ்சநேரம் எவ்வளவு நீளம் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மார்கிரட் நிமிர்ந்தார். "இன்னும் என்ன?"

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, மிஸ்."

மார்கிரட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"போட்டு வாங்கோ, தங்கச்சி" என்றார். "திங்கக்கிழமை வரேக்கை அடையாள அட்டையையும் கொண்டு வாங்கோ."