துணைவி இல்லாத தூதர்

டோக்கியோவில் எங்கள் பிரிட்டிஷ் தூதரகத்தில் மியூரியல் ஏன்ஸ்லி அளவுக்கு ஜப்பானிய மொழி தெரிந்தவர் வேறு யாருமில்லை. நான் அங்கே தட்டச்சு வேலையில் இருந்தேன். ஜப்பானிய அதிகாரிகள் மற்றவர்களுக்கு வணக்கம் சொல்வார்கள். விஷயத்தை அவளிடம்தான் சொல்வார்கள்.

அவளோடு வேலைக்குச் சேர்ந்தவன் டெரெக் ஹோல்ராய்டு. அவனுடைய அறிக்கைகளைப் பாதிக்கு மேல் அவள்தான் எழுதினாள். ரயில் பாலத்தடியில் கோழி சுட்டு விற்கும் கடையில் ஒருநாள் அவன் கல்யாணப் பேச்சை எடுத்தான். பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அப்போது எங்கள் துறையின் விதி.

"விதி தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும். அதான் நான் சம்பாதிக்கிறேனே, உனக்கென்ன?"

"அப்ப நீ விடேன் வேலையை."

டெரெக் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் என்னிடம் சொல்லும்போது அவள் கண்கள் சிவந்திருந்தன. "சரின்னு சொல்லத்தான்டி போனேன். அவன் சிரிச்சான் பாரு..."

டெரெக் ஒரு கர்னலின் மகள் ஃபெலிசிட்டியை மணந்து, மளமளவென்று மேலே போனான். மியூரியல் ரங்கூன், சியோல் என்று சுற்றி, அதே நடுத்தரப் பதவியில் டோக்கியோவுக்கே திரும்பினாள். அவளுக்கு நாற்பத்தேழு வயதானபோது அந்த விதியை நீக்கினார்கள். ஒரு சின்ன நாட்டின் தூதர் பதவிக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்கு லண்டன் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் டெரெக்கும் ஒருவன்.

"தகுதியில குறையே இல்ல, மிஸ் ஏன்ஸ்லி. ஆனா தூதர் வீடுன்னா ஓயாம விருந்து. கூட நின்னு கவனிக்க உங்களுக்கு யார் இருக்கா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான் டெரெக்.

"யாருமில்ல, சார்" என்று எழுந்து வந்துவிட்டாளாம்.

மறுவருடம் அவனே டோக்கியோவுக்குத் தூதராக வந்தான். வந்த வாரமே, பழைய பதவியிலேயே இருந்த அவளை அழைத்தான்.

"முதல் பேச்சை ஜப்பானிய மொழியில பேசணும். பழையபடி எழுதிக் குடுத்துடேன், மியூரியல்."

"விருந்தைக் கவனிக்கிறவங்க பேச்சையும் எழுதுவாங்களே. உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க, சார்."

அன்று மாலையே அவளுடைய ராஜினாமாவை நான்தான் தட்டச்சு செய்தேன்.

வழியனுப்பு விருந்தை ஃபெலிசிட்டி ஏற்பாடு செய்தாள். மியூரியல் வரவில்லை. அவள் இல்லாமலேயே கேக்கை வெட்டினார்கள். அவளுடைய சேவையை மெச்சி டெரெக் பேசினான், நன்றாகத்தான் பேசினான். நாங்களும் கைதட்டினோம்.